ஹைட் பார்க், சிகாகோ: ரயில் ஸ்டேஷனுக்கு 60 ஏக்கர் கொடுத்த புறநகர் 1889-இல் நகரத்துக்குள் போனது ஏன்?

வரைபடப்பித்து (கேள்வி)

வணக்கம். சிகாகோவின் தென்பகுதியில் உள்ள ஹைட் பார்க்கின் தொடக்க வரலாற்றை, 1853 முதல் 1889 வரை, ஒரு நீண்ட கட்டுரையாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று இடத்தில் கணக்கு உதைக்கிறது.

முதலாவது, பால் கார்னெல் என்ற வழக்கறிஞர் வாங்கியது 300 ஏக்கர் என்கிறார்கள். 1889-இல் சிகாகோவோடு சேர்ந்த ஹைட் பார்க்கின் பரப்போ சுமார் 48 சதுர மைல். அரை சதுர மைலுக்கும் குறைவான மனைப்பிரிவு எப்படி நூறு மடங்கு ஆனது?

இரண்டாவது, மிச்சிகன் ஏரிக்கரை, நல்ல வீடுகள், தனி நிர்வாகம் எல்லாம் இருந்த வசதியான ஊர், தானே வாக்களித்து ஏன் நகரத்துக்குள் போனது?

மூன்றாவது, ஒரு வீடு புறநகர்க் காலத்தையதா, இணைப்புக்குப் பிந்தையதா என்று எப்படி உறுதி செய்வது? சிகாகோவின் கட்டட அனுமதிப் பதிவுகள் 1872-இலிருந்து இருந்தும், 1880களின் ஹைட் பார்க் வீடுகளை அங்கே காணவில்லை.

---

இருப்புப்பாதை

உங்கள் முதல் கேள்விக்கு விடை "எந்த ஹைட் பார்க்?" என்பதில் இருக்கிறது. அந்தப் பெயருக்கு நான்கு எல்லைகள் உண்டு. ஒன்று, கார்னெல் 1853-இல் வாங்கிய 300 ஏக்கர்; ஏரியை ஒட்டி, இன்றைய 51-ஆம் தெருவுக்கும் 55-ஆம் தெருவுக்கும் நடுவே. இரண்டு, 1861-இல் உருவான ஹைட் பார்க் டவுன்ஷிப், அதாவது கவுண்டியின் (மாவட்டம் போன்றது) உட்பிரிவான உள்ளாட்சி. வடக்கே 39-ஆம் தெரு, தெற்கே 138-ஆம் தெரு, மேற்கே ஸ்டேட் தெரு, கிழக்கே ஏரியும் இண்டியானா எல்லையும். மூன்று, 1872-இல் அதே பரப்புக்கு வில்லேஜ் (சிறு நகராட்சி) என்ற சட்ட வடிவில் வந்த நிர்வாகம். நான்கு, 1920களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் வகுத்த பகுதிப் பிரிவில் 41-ஆம் எண் கொண்ட இன்றைய ஹைட் பார்க். கட்டுரையில் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பக்கத்தில் இந்த நான்கில் எது என்று குறித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

தூரத்தைத் தெரு எண்ணை வைத்தே கணக்கிடலாம். தெற்குப் பக்கம் 31-ஆம் தெருவுக்குக் கீழே 8 தெருவுக்கு ஒரு மைல். மேடிசன் தெருவிலிருந்து 31-ஆம் தெரு 3 மைல், 39-ஆம் தெரு 4, 47-ஆம் தெரு 5, 55-ஆம் தெரு 6. ஆக 53-ஆம் தெரு ஸ்டேஷன் 5¾ மைலில் வருகிறது. 39-இலிருந்து 138 வரை 99 தெரு. எட்டால் வகுத்தால் டவுன்ஷிப்பின் நீளம் 12 மைலுக்குச் சற்று மேல். கார்னெலின் நிலமோ அந்த நீளத்தில் அரை மைல் துண்டு.

இனி ரயில். இல்லினாய் சென்ட்ரல் என்ற ரயில்வே கம்பெனி 1851-இல் மாநில உரிமம் பெற்றது. நகரத்துக்குள் நுழைய 1852-இல் சிகாகோ கொடுத்த அனுமதியில் ஒரு நிபந்தனை: பாதை ஏரியோரமாக வர வேண்டும், அலை கரையை அரிக்காமல் தடுப்புச் சுவரை ரயில்வேயே கட்ட வேண்டும். நகரத்துக்குத் தன் செலவில்லாமல் கரைப் பாதுகாப்பு கிடைத்தது. ரயில்வேக்கு நகரின் நடுவே வழி கிடைத்தது. கரையோரம் தெற்கே நீண்ட அந்தப் பாதைதான் ஹைட் பார்க்கின் முதுகெலும்பு.

செனட்டர் ஸ்டீபன் டக்ளஸின் யோசனைப்படி கார்னெல் நிலம் வாங்கினார் என்பது பரவலான பதிவு. டக்ளஸுக்கே 35-ஆம் தெருப் பக்கம் ஏரிக்கரையில் நிலம் இருந்தது. பாதை எங்கே போகும் என்பதை அவரைவிடத் தெரிந்தவர் குறைவு. கார்னெல் 60 ஏக்கரை ரயில்வேக்கு எழுதிக்கொடுத்தார். பதிலுக்கு ஒரு ஸ்டேஷன், தினசரி உள்ளூர் வண்டி. 1856-இல் வண்டி ஓடத் தொடங்கியது. சிகாகோவின் புறநகர் ரயில் சேவைக்கு அதுவே தொடக்கம்.

இதைக் கொடை என்று எழுதுபவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கு போனது. மிச்சம் 240 ஏக்கரும் "நகரத்துக்கு வண்டி உள்ள மனை" ஆனது. தண்டவாளம் எப்படியும் அந்த வழியாகப் போகத்தான் போகிறது, ஆகையால் ரயில்வேக்குக் கூடுதல் செலவு உள்ளூர் வண்டியும் நிறுத்தமும் மட்டுமே. விற்பனை மட்டும் உடனே சூடு பிடிக்கவில்லை. 1857-இல் நாடு முழுக்க வந்த பண நெருக்கடி மனை வணிகத்தை முடக்கியது. 1859-இல் 53-ஆம் தெருப் பக்கம் ஏரிக்கரையில் திறந்த ஹைட் பார்க் ஹவுஸ் என்ற ஓட்டல்தான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1865-இல் லிங்கன் கொல்லப்பட்ட பிறகு, அவர் மனைவி மேரி டாட் லிங்கன் அந்தக் கோடையில் அங்கே தங்கினார். ஓட்டல் 1879-இல் எரிந்தது.

ஒரு ஸ்டேஷன் வேலை செய்ததும் அடுத்தடுத்து முளைத்தன. ஜான் கென்னிகாட் என்ற பல் மருத்துவர் 1856-இல் வடக்கே குடியேறித் தன் இடத்துக்குக் கென்வுட் என்று பெயர் வைத்தார். 1859-இல் 47-ஆம் தெருவில் வந்த ஸ்டேஷனுக்கு ரயில்வே அந்தப் பெயரையே வைக்க, ஊர் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

---

சந்திப்பு75

இருப்புப்பாதை ஐயா சொன்னதோடு கிராண்ட் கிராசிங்கையும் சேர்த்துப் பாருங்கள். புறநகரை ஆக்குவது தண்டவாளம் அல்ல, வண்டி நிற்பது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இல்லினாய் சென்ட்ரல் பாதையும் மிச்சிகன் சதர்ன் என்ற இன்னொரு ரயில்வேயின் பாதையும் இன்றைய 75-ஆம் தெருப் பக்கம் ஒரே மட்டத்தில் குறுக்கே வெட்டிக்கொண்டன. யாருக்கு முன்னுரிமை என்பதில் இரண்டு கம்பெனிக்கும் ஒப்பந்தம் இல்லை. 1853 ஏப்ரல் 25 இரவு அந்த வெட்டுச் சந்தியில் இரண்டு பயணிகள் வண்டிகள் மோதி 18 பேர் இறந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு வண்டியும் அங்கே முழுதாக நின்றே போக வேண்டும் என்று ஆனது.

எல்லா வண்டியும் கட்டாயம் நிற்கிற இடம் என்றால், ஸ்டேஷனுக்கு யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. அருகே சதுப்பும் புல்வெளியுமாகக் கிடந்த நிலத்தை 1855 முதல் கார்னெல் வாங்கிச் சேர்த்தார். 1870களில் மனை போட்டு முதலில் தன் பெயரையே வைத்தார். மாநிலத்தில் கார்னெல் என்ற பெயரில் வேறொரு ஊர் ஏற்கெனவே இருந்ததால் கிராண்ட் கிராசிங் ஆனது. 53-ஆம் தெருவில் தொழிற்சாலையே கூடாது என்று இருந்தவர் இங்கே தொழிற்சாலைகளை வரவழைத்தார். கார்னெல் பெயரிலேயே கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றும் இருந்தது. ஒரே டவுன்ஷிப்புக்குள் ஒரே ஆள் உருவாக்கிய இரண்டு வகை ஊர். பின்னால் இணைப்பு வாக்கெடுப்பில் எதிரெதிராக நின்றதும் இந்த இரண்டு வகைதான்.

---

ஏரிக்காற்று

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "வசதியான ஊர் ஏன் வாக்களித்தது" என்று கேட்டிருக்கிறீர்கள். வசதியான பகுதி பெரும்பாலும் இணைப்பை விரும்பவில்லை. வாக்குச்சீட்டு 48 சதுர மைலுக்கும் போனது, அதுதான் விஷயம்.

1861-இல் எல்லை போட்டபோது தெற்குப் பகுதி பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. 1880க்குப் பிறகு நிலைமை தலைகீழ். கேலுமெட் ஆற்று முகத்தில் எஃகு ஆலைகள் வந்து தெற்கு சிகாகோ வளர்ந்தது. ஜார்ஜ் புல்மன் கேலுமெட் ஏரிப் பக்கம் சுமார் 4,000 ஏக்கர் வாங்கி, கட்டடக் கலைஞர் சோலன் பீமனின் வரைபடத்தில் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் ஊழியர் குடியிருப்பையும் கட்டினார். 1881-இல் குடியேற்றம் தொடங்கியது. புல்மன் தனி நகராட்சி அல்ல, ஹைட் பார்க் வில்லேஜுக்குள் இருந்த கம்பெனி ஊர். இதைக் கட்டுரையில் கட்டாயம் குறிப்பிடுங்கள், பலர் தவறாக எழுதுகிறார்கள்.

1889 வாக்கில் மக்கள்தொகை சுமார் 85,000. ஒரு சிறு அறங்காவலர் குழு, கிராம நிர்வாகத்துக்கான அதிகாரத்தோடு, 12 மைல் நீளத்துக்குக் குடிநீரும் சாக்கடையும் தீயணைப்பும் போலீசும் தர வேண்டும். 68-ஆம் தெருப் பக்கம் ஏரித் தண்ணீரை இறைக்கும் நிலையம் இருந்தது. ஆனால் குழாய் நீள நீளக் கடைசி வீட்டில் அழுத்தம் குறையும், தீப்பிடித்தால் பீய்ச்ச வேகம் இருக்காது. நிலமோ தட்டை; வாட்டம் இல்லாத இடத்தில் சாக்கடை தானாக ஓடாது, இறைத்துத் தள்ள வேண்டும். கழிவு போய்ச் சேரும் ஏரியிலிருந்துதான் குடிநீரும் வருகிறது, அதனால் உறிஞ்சு குழாயைக் கரையிலிருந்து வெகுதூரம் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் பெரிய நகரத்தின் கடன் வாங்கும் சக்தி இருந்தால்தான் ஆகும். வரி வடக்கே செலவாகிறது, வசதி தெற்கே வரவில்லை என்ற குறை அங்கே இருந்தது. வடக்கே இருந்தவர்களுக்கு நகரத்தின் வரியும் மதுக்கடையும் அரசியலும் பயம். புல்மன் கம்பெனியும் எதிர்த்தது. சிறிய நிர்வாகத்தில் தன் சொல் எடுபடும், பெரிய நகரத்தில் எடுபடாது என்பது அதற்குத் தெரியும்.

தேதி விஷயத்தில் கவனம். இரண்டு வாக்கெடுப்பு நடந்தது. 1887-இல் ஹைட் பார்க் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தது; அது செல்லாது என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. புதிய சட்டம் வந்து 1889 ஜூன் 29 அன்று மறுபடி வாக்கெடுப்பு. அன்று லேக், ஜெஃபர்சன் டவுன்ஷிப்புகள், லேக் வியூ நகரம், சிசரோவின் ஒரு பகுதி எல்லாம் ஹைட் பார்க்கோடு சேர்ந்து உள்ளே வந்தன. சிகாகோவுக்கு ஒரே நாளில் சுமார் 125 சதுர மைலும் 2,25,000 பேரும் கூடினார்கள். வார்டுகள் 24-இலிருந்து 34 ஆயின.

---

வரைபடப்பித்து

மிகவும் நன்றி. 1880-இல் சிகாகோ 5,03,185 பேர், 1890-இல் 10,99,850 பேர் என்பதை "பத்தாண்டில் இரட்டிப்பு வளர்ச்சி" என்று எழுதலாமா? இன்னொன்று: ஹைட் பார்க்கில் வில்லேஜ் காலத்தில் இருந்த மதுவிலக்கு இணைப்போடு முடிந்துவிட்டதா?

---

ஏரிக்காற்று

அப்படியே எழுதினால் தப்பு. கூடுதல் 5,96,665. அதில் 2,25,000 வாக்கில் எல்லையை நகர்த்தியதால் வந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஃபிலடெல்ஃபியாவின் 1890 எண்ணிக்கை 10,46,964. இணைப்பு நடக்காமல் இருந்திருந்தால் சிகாகோ அந்தக் கணக்கெடுப்பில் நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் ஆகியிருக்க முடியாது. வளர்ச்சியைத்தான் சொல்ல வேண்டும் என்றால், இணைந்த பகுதிகளின் 1880 எண்ணிக்கையையும் சேர்த்து, ஒரே எல்லைக்குள் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

மதுவிலக்கு முடியவில்லை. வில்லேஜ் காலத்து மதுத் தடை விதிகள் இணைப்புக்குப் பிறகும் அந்தப் பகுதிக்குச் செல்லும் என்று 1889 சட்டம் இடம் வைத்தது. சிகாகோ மேயர் கிரீகியர் காலத்தில் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1891-இல் தடை செல்லும் என்றே முடிந்தது. வடக்குப் பகுதிக்காரர்களின் பயத்தைத் தணிக்க இது ஒரு சமரசம். இணைப்பு என்றால் பழைய ஊரின் விதி எல்லாம் மறுநாளே அழிந்துபோகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

---

தாய்ப்பத்திரம்

மூன்றாவது கேள்வி என் பக்கம். அனுமதிப் பதிவில் காணவில்லை என்பதில் வியப்பு இல்லை. 1889 ஜூன் 29க்கு முன் அது சிகாகோவே அல்ல. நகர அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டிய அவசியமே கிடையாது. ஆகவே நகரப் பதிவில் இல்லாததும் ஒரு தடயம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள்.

முகவரியிலிருந்து தொடங்காதீர்கள், நிலத்திலிருந்து தொடங்குங்கள். முகவரி மாறும், சர்வே மாறாது. இன்றைய ஹைட் பார்க் முழுதும், நில அளவைக்கான ஆதாரக் கோடாகிய மூன்றாம் முதன்மைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே 14-ஆம் வரிசை, அளவையின் அடிக்கோட்டுக்கு வடக்கே 38-ஆம் டவுன்ஷிப்பில் வருகிறது. இந்த சர்வே டவுன்ஷிப் வேறு, நிர்வாக டவுன்ஷிப் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். 47-க்கும் 55-க்கும் நடுவே, காட்டேஜ் குரோவிலிருந்து ஸ்டோனி ஐலண்ட் கோடு வரை (இரண்டும் வடக்கு தெற்காகப் போகும் சாலைகள்), ஒரு சதுர மைல் கட்டமான 11-ஆம் செக்‌ஷன். அதற்குக் கிழக்கே 12. 55-க்கும் 63-க்கும் நடுவே 14-உம் 13-உம். இன்றைய சொத்துவரி எண்ணைப் பாருங்கள்: 20-11 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம் அந்த சர்வே டவுன்ஷிப்பின் குறியீடு, அடுத்த இரண்டு செக்‌ஷன். அதற்கடுத்த மூன்று இலக்க பிளாக் எண்ணின் முதல் இலக்கம் கால்பகுதி: 1 வடமேற்கு, 2 வடகிழக்கு, 3 தென்மேற்கு, 4 தென்கிழக்கு. இதை வைத்துக்கொண்டு சிகாகோ உள்ள குக் கவுண்டியின் பதிவகத்தில், ஒவ்வொரு நிலத்துக்கும் பத்திரங்களைப் பட்டியலிடும் நிலவாரிப் பேரேட்டில் பின்னோக்கிப் போகலாம்.

1871 அக்டோபரில் ஒரு சுவர் வரும். சிகாகோ பெருந்தீயில் கவுண்டி நீதிமன்றக் கட்டடம் எரிந்தபோது பத்திரப் பதிவுகள் எல்லாம் போயின. ஹைட் பார்க் எரியவில்லை, ஆனால் அதன் பத்திரங்கள் நகர மையத்தில்தான் இருந்தன. தனியார் வில்லங்க நிறுவனங்கள் சில, தங்கள் சுருக்கப் பேரேடுகளைத் தீயிலிருந்து காப்பாற்றின. 1872-இல் வந்த எரிந்த ஆவணச் சட்டம் அவற்றைச் சாட்சியமாக ஏற்க வழி செய்தது. எனவே 1871க்கு முந்திய தொடர்ச்சி வேண்டுமானால் மூலப்பத்திரத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், வில்லங்கச் சுருக்கத்தைத் தேடுங்கள்.

கணக்கெடுப்பில் 1870, 1880 இரண்டிலும் ஹைட் பார்க் சிகாகோவுக்குள் இராது, குக் கவுண்டியின் கீழ் தனியாக வரும். 1890 கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களில் ஏறக்குறைய எல்லாமே 1921 தீ விபத்தோடு போய்விட்டன. ஆக 1880க்குப் பிறகு நேரே 1900. உங்களுக்கு வேண்டிய ஆண்டுகள் சரியாக இந்த இருபதாண்டு இடைவெளியில் விழுகின்றன. அதை நிரப்ப 1880களின் முகவரிப் புத்தகமும் தீக்காப்பீட்டு வரைபடமும்தான் வழி. 1886 வாக்கில் வந்த வரைபடத் தொகுதிகளில் ஹைட் பார்க் உண்டு. காப்பீட்டு வரைபடத்தில் மரவீடு மஞ்சள், செங்கல் வீடு இளஞ்சிவப்பு. வீட்டின் தரைவடிவம் இன்றைய வரைபடத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் "அதே வீடு" என்று சொல்ல வேண்டும். பழையதை இடித்து அதே மனையில் கட்டியது ஏராளம்.

முகவரியை ஒப்பிடும்போது 1909 செப்டம்பர் 1-ஐ நினைவில் வையுங்கள். அன்று நகர மையம் தவிர சிகாகோ முழுக்கக் கதவு எண் மாறியது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் தொடக்கக் கோடுகள், ஒரு மைலுக்கு 800 எண். தெற்குப் பக்கம் கிழக்கு மேற்காகப் போகும் தெருக்களில்தான் பழைய எண்ணும் புது எண்ணும் அதிகம் முரண்படும். பெயர்களும் மாறின. பீமன் திட்டமிட்ட ரோசலி வில்லாஸ் வீடுகள் இருந்த ரோசலி கோர்ட், பிறகு ஹார்ப்பர் அவென்யூ. பழைய ஆவணத்தில் லேக் அவென்யூ என்றால் இன்றைய லேக் பார்க் அவென்யூ. 51-ஆம் தெரு இங்கே ஹைட் பார்க் பூலவார்டு. அதே பெயரில் வடக்கு தெற்காகவும் ஒரு சாலை கிழக்கே உண்டு, இரண்டையும் குழப்பாதீர்கள்.

---

இருப்புப்பாதை

புகைப்படத்துக்கு ஒரு எளிய சோதனை. 1893 உலகக் கண்காட்சிக்காக ஹைட் பார்க் வழியே போகும் இல்லினாய் சென்ட்ரல் தண்டவாளத்தை மண்மேட்டில் உயர்த்தினார்கள். தெருக்கள் அடியில் பாலத்தின் கீழ் போகத் தொடங்கின. படத்தில் தண்டவாளம் தெரு மட்டத்தில் இருந்தால் அது கண்காட்சிக்கு முந்தியது. மேலே மின்கம்பி தெரிந்தால் 1926 மின்மயத்துக்குப் பிந்தியது. லேக் பார்க் அவென்யூவில் உள்ள சிறிய செங்கல் கட்டடத்தைப் பலர் பழைய ரயில் ஸ்டேஷன் என்கிறார்கள். அது 1893 வாக்கில் கேபிள் கார் பயணிகளுக்காகக் கட்டியது, இன்று உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் இடம்.

கரைக்கோட்டையும் நம்பாதீர்கள். இன்றைய கரையில் பெரும்பகுதி நிரப்பிய நிலம். 55-ஆம் தெரு முனையில் உள்ள புரோமன்டரி பாயின்ட் 1930களில் உருவானது. ஹைட் பார்க் ஹவுஸ் "ஏரிக்கரையில்" இருந்தது என்றால், அந்தக் கரை இன்றைய கரைக்கு வெகு உள்ளே.

---

சந்திப்பு75

ஒரு கால வரிசைத் திருத்தம் மட்டும். "பல்கலைக்கழகத்தால் உருவான புறநகர்" என்ற வரி பல பயணக் கட்டுரைகளில் வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகம் 1890-இல் பதிவானது, வணிகர் மார்ஷல் ஃபீல்டு 10 ஏக்கர் கொடுத்தார், வகுப்பு தொடங்கியது 1892 அக்டோபர் 1. அதற்குள் ஹைட் பார்க் புறநகராக இருந்த காலமே முடிந்து மூன்று ஆண்டு. புறநகர்க் காலத்துப் பெரிய பொதுப்பணி என்றால் பூங்காதான்: 1869-இல் மாநிலச் சட்டத்தால் வந்த தெற்குப் பூங்கா ஆணையம், அதற்காகப் பல ஆண்டு முயன்று ஆணையராகவும் இருந்த கார்னெல், 1871-இல் பூங்கா வடிவமைப்பாளர்கள் ஓம்ஸ்டெட், வோக்ஸ் இருவரும் தந்த திட்டம். இன்றைய வாஷிங்டன் பூங்காவும் ஜாக்சன் பூங்காவும், இரண்டையும் இணைக்கும் மிட்வே என்ற நீண்ட பூங்காப் பட்டையும் அந்தத் திட்டத்தில் வந்தவை. கண்காட்சிக்கு ஜாக்சன் பூங்கா நிலம் தயாராகக் கிடைத்ததும் அதனால்தான்.

---

தாய்ப்பத்திரம்

தேடும்போது உதவும் இன்னொன்று: நிர்வாகம் 1889-இல் போனாலும் ஹைட் பார்க் டவுன்ஷிப் என்ற பெயர் சொத்துவரி மதிப்பீட்டில் இன்றும் இருக்கிறது. குக் கவுண்டி மதிப்பீட்டாளர் சிகாகோவை லேக், லேக் வியூ, ஜெஃபர்சன், ஹைட் பார்க் போன்ற பழைய டவுன்ஷிப் பெயர்களில்தான் பிரித்து வைத்திருக்கிறார். புல்மனில் உள்ள வீட்டுக்கும் வரிப்பதிவில் ஹைட் பார்க் என்று வந்தால் தவறான பதிவு என்று ஒதுக்கிவிடாதீர்கள், அது 1861 எல்லை.